நெடுஞ்சாலைக்கு ஒரு கணக்கு வேண்டும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்து ஊர் போய்ச் சேருவது நம்மவர்களுக்கு எப்போதுமே ஒரு பெரும்பாடு. ரயிலில் இடம் கிடைப்பதில்லை. ஆம்னி பஸ்ஸில் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்தால் புதுத் துணி எடுக்கப் பணம் மிஞ்சுவதில்லை. ஆகவே நாலு பேர் சேர்ந்து ஒரு காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, செலவைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்புவது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. வங்கிக் கடனில் சொந்தக் கார் வாங்கி, மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாக்களும் இன்று குறைவில்லை. அந்தக் கார்களில் இப்போது மின்சாரக் கார்கள் கலந்துவிட்டன. அதிலும் எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான, பெட்டி போன்ற வண்டிகள்தான் மிகுதி. ஓட்டுவோரிலும், ஏறிப் போவோரிலும், தவணை கட்டுவோரிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் இந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்த எண் ஊருக்குப் போகும் சாலைக்கு உரியதல்ல. சாலைக்கு உரிய எண் எங்கும் அச்சாவதில்லை.

ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். டாடா கம்பெனியின் கர்வ் என்னும் மின்சார எஸ்.யூ.வி. 2024 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அதில் பெரிய பேட்டரி உள்ள வண்டிக்கு முதலில் சொல்லப்பட்ட தூரம் 585 கிலோ மீட்டர். பின்னர் அதே வண்டிக்கு, அதே பேட்டரிக்கு, 502 கிலோ மீட்டர் என்று போட்டார்கள். நான்கில் மூன்று பேருக்கு நடைமுறையில் கிடைக்கக் கூடியது 400 முதல் 425 கிலோ மீட்டர் என்று அந்தக் கம்பெனியே கூறியது. வண்டியில் ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை. மாறியதெல்லாம் அளந்த விதம். உள்ளதைச் சொன்ன அந்தக் கம்பெனியை நாம் குறை கூறவில்லை. மற்றவர்களும் அப்படிச் சொன்னால் நல்லது. ஆனால் 585 எங்கே, 400 எங்கே? பெங்களூரிலிருந்து மதுரை சுமார் 435 கிலோ மீட்டர். முதல் எண்ணை நம்பியவர் மதுரையைத் தாண்டிக் கோவில்பட்டி வரைகூடப் போகலாம் என்று நினைப்பார். மூன்றாவது எண்ணை நம்பினால் திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் சார்ஜ் தேட வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோ மீட்டரில் போனால் அந்த மூன்றாவது எண்ணும் நிற்காது.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால் வியப்பு நீங்கும். நம் நாட்டில் மோட்டார் வண்டிகளைச் சோதிப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. கூடத்துக்குள் உருளைகளின் மேல் நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறார்கள். அதில் முதல் பகுதி நகரத்துக்கானது. அதன் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோ மீட்டர். சராசரி வேகம் 20-ஐக்கூட எட்டாது. இரண்டாம் பகுதி ஊருக்கு வெளியே உள்ள சாலைக்கானது. அதிலும் உச்ச வேகம் 90-தான். 2024 வரை மின்சாரக் கார்களுக்கு முதல் பகுதியின் எண்ணை மட்டும் விளம்பரம் செய்து வந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்துதான் இரண்டு பகுதிகளையும் சேர்த்த எண்ணைச் சொல்லும் வழக்கம் வந்தது. 585 என்பது 502 ஆனது அப்படித்தான். சோதனையின்போது குளிர்சாதனம் ஓடுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் கரூர்ச் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிர்சாதனம் இல்லாமல் குழந்தை குட்டிகளோடு போகிற குடும்பம் உண்டா என்ன?

மற்ற நாடுகளிலும் சோதனை கூடத்தில்தான் நடக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் இப்போது உள்ள சோதனை முறையில் வேகம் 131 கிலோ மீட்டர் வரை போகிறது. அமெரிக்காவில் அரசு நிறுவனம், கூடத்தில் கிடைத்த தூரத்தைப் பொதுவாகப் பத்தில் ஏழாகக் குறைத்து, அந்தக் குறைந்த எண்ணைத்தான் வண்டியின் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறது. நார்வேயில் மோட்டார் ஓட்டுவோர் சங்கமே 2020 முதல் பல கம்பெனிகளின் மின்சாரக் கார்களை ஒன்றாகச் சாலையில் இறக்கி, நின்றுபோகும் வரை ஓட்டிப் பார்த்து, எது எவ்வளவு தூரம் போயிற்று என்று வெளியிடுகிறது. அங்கே பனியில் ஓடுகிறது. இங்கே வெயிலில் ஓட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நெடுஞ்சாலையில் தூரம் ஏன் இப்படிக் குறைகிறது? பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணி என்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, மாதாமாதம் நம் வீட்டு மின்சார பில்லில் வரும் யூனிட்தான். 55 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 55 யூனிட் பிடிக்கும் என்று பொருள். ஆகவே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல் கணக்கு. 585 என்ற எண்ணை 55-ஆல் வகுத்தால் யூனிட்டுக்குப் பத்தரை கிலோ மீட்டருக்கு மேல் வருகிறது. இரண்டு டன் எடையுள்ள பெட்டி வண்டி நெடுஞ்சாலையில் அப்படி ஓடாது.

காரணம் காற்று. சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் தடை வேகத்தோடு கூடுவதல்ல. வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் உள்ள தடை, 100-ல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. 120-ல் இரண்டேகால் மடங்கு. எஸ்.யூ.வி. வண்டியின் முகப்பு அகலமும் உயரமும் மற்றக் கார்களைவிட அதிகம். மேலே கம்பி அடித்து மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம். உத்தேசமாகச் சொன்னால், நடுத்தர அளவுள்ள ஒரு மின்சார எஸ்.யூ.வி. மணிக்கு 80-ல் போனால் யூனிட்டுக்கு 7 கிலோ மீட்டர் கிடைக்கும். 100-ல் ஐந்தரை முதல் ஆறு. 120-ல் நாலரைக்குப் பக்கம். 55 யூனிட் பேட்டரி முறையே 385, சுமார் 315, சுமார் 250 கிலோ மீட்டர் ஓடும். வண்டிக்கு வண்டி, சுமைக்குச் சுமை இது சற்றுக் கூடும், குறையும். ஆனால் போக்கு இதுதான். நான்கு வழிச் சாலையில் கார்களுக்கு 100 கிலோ மீட்டர் வரையிலும், விரைவுச் சாலையில் 120 வரையிலும் போகலாம் என்று 2018-ல் மத்திய அரசே அனுமதித்திருக்கிறது. அனுமதித்த வேகத்துக்கு உரிய எண்ணைச் சொல்லும்படி மட்டும் கம்பெனிகளைக் கேட்கவில்லை.

இங்கே நம்மவர்களை ஏமாற்றிவிடும் இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் காரில் நாம் கண்டு பழகியது, நகரத்தில் மைலேஜ் குறையும், நெடுஞ்சாலையில் கூடும் என்பது. மின்சாரக் காரில் இது தலைகீழ். சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் நின்றாலும் அதன் மோட்டார் மின்சாரத்தைத் தின்பதில்லை. பிரேக் பிடிக்கும் போதெல்லாம் சக்தியில் ஒரு பங்கைப் பேட்டரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நெடுஞ்சாலையில் நிற்பதும் இல்லை, பிரேக்கும் இல்லை. திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. காற்றோடு போராடுவது ஒன்றுதான் வேலை. ஆகவே, ‘ஊருக்குள் எனக்கு 350 கிடைக்கிறது, வெளியே 400 கிடைக்காதா?’ என்று கேட்பவர், பெட்ரோல் கார் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வருகிறார். அவர் மேல் குற்றமில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தாவின் கதையைச் சொல்கிறோம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. மைத்துனரும் அவருமாகப் பணம் போட்டு, முன்பே ஓடிய மின்சார எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கினார்கள். பேட்டரி 40 யூனிட். காகிதத்தில் நானூறுக்கு மேல். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் சொந்த ஊர். 260 கிலோ மீட்டர். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று சென்ற பொங்கலுக்குக் கிளம்பினார்கள். ஐந்து பேர், குளிர்சாதனம், வேகம் நூறைச் சுற்றி. சேலத்தை அடையும்போது 20 சதவீதம் மிச்சம். அங்கே நின்று சார்ஜ் போட்டுக்கொண்டு, இரவு ஒன்பதுக்குப் போக வேண்டியவர்கள் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது பெரிய குறை அல்ல. திரும்பி வந்ததுதான் கதை.

ஊரில் வீட்டுப் பிளக்கில் இரண்டு இரவு போட்டு, முழு சார்ஜோடுதான் புறப்பட்டார்கள். ஆனால் ஊரிலிருந்து திரும்புகிற நம்மவர்களின் வண்டி வெறும் வண்டியா? அரிசி மூட்டை, தேங்காய், அம்மா கொடுத்த பானை, கரும்புக் கட்டு. உள்ளே இடமில்லாமல் மேலேயும் கட்டினார்கள். போதாக்குறைக்கு வழியெல்லாம் ஏற்றம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். பெங்களூர் சுமார் 900 மீட்டர். தொப்பூர்க் கணவாயிலும் அதற்கு அப்பாலும் ஏறித்தான் வர வேண்டும். இரண்டு டன் வண்டியை அறுநூறு மீட்டருக்கு மேல் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய நாலு யூனிட் ஆகிவிடும். அதாவது இருபது கிலோ மீட்டர் ஓட வேண்டிய மின்சாரம். போகும்போது இறக்கம் கொடுத்ததை வரும்போது ஏற்றம் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. கிருஷ்ணகிரிக்கு வரும்போது 17 சதவீதம். அங்கே சார்ஜ் நிலையத்தில் இரண்டு முனைகள். ஒன்று வேலை செய்யவில்லை. முன்னால் நாலு வண்டிகள். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்புகிற நாள். கூரை இல்லை, கழிப்பறை இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. ஓசூர் வந்தபோது பொழுது விடிந்துவிட்டது. அன்றைக்கு அரை நாள் சம்பளம் போயிற்று.

அவர் சொன்ன ஒரு வார்த்தை நினைவில் நிற்கிறது. ‘வண்டி நல்ல வண்டிதான் சார். 200-தான் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், 200-க்குத் தகுந்தபடி கிளம்பியிருப்பேன்’ என்றார். அவர் கேட்பதில் என்ன தவறு?

அவர் சொன்ன 200-ம் மிகையல்ல. வழியில் வேகமாக சார்ஜ் செய்யும்போது 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும்; அதற்கு மேல் பேட்டரியைக் காப்பதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்காகக் காத்திருந்தால் பின்னால் நிற்பவர்களின் வசவையும் சேர்த்து வாங்க வேண்டும். கீழேயும் பத்து சதவீதத்துக்கு இறங்க யாருக்கும் துணிவு வராது. எனவே நெடுஞ்சாலையில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே உண்மையில் கைக்கு வருவது பேட்டரியில் எழுபது சதவீதம்தான். 40 யூனிட் என்றால் 28. யூனிட்டுக்கு ஐந்தரை வீதம் சுமார் 155 கிலோ மீட்டர். 55 யூனிட் என்றால் 210-ஐ ஒட்டி. பெங்களூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 590 கிலோ மீட்டர் போகிறவர், நடுவில் எத்தனை முறை நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முக்கால் மணியா ஒரு மணியா என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், வருஷம் ஆக ஆகப் பேட்டரி பிடிக்கும் அளவும் சிறிது குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கார் ஓட்டுகிற நம் தோழர்களுக்கு இது பிழைப்பு விஷயம். விமான நிலையத்துக்கும் மெஜஸ்டிக்குக்கும் ஓட்டுகிற வரை மின்சாரக் காரில் லாபம் நிச்சயம். வீட்டிலோ டிப்போவிலோ யூனிட் ஏழெட்டு ரூபாய்க்குக் கிடைத்தால் கிலோ மீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் ஆகும். ஆனால் அதே கணக்கில் மதுரைக்கு வாடகை பேசிவிட்டால் கையைக் கடிக்கும். நெடுஞ்சாலை நிலையத்தில் யூனிட்டுக்கு இருபது, இருபத்திரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ மீட்டருக்கு நாலு ரூபாய்க்குப் பக்கம் வந்துவிடும். பெட்ரோலை விடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் விளம்பரத்தில் சொல்லும் ஒரு ரூபாயைப் போல இது மூன்று மடங்குக்கு மேல். காத்திருக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஓட்டுநரா, சவாரியா? இந்தத் தகராறு நடுச்சாலையில் நடப்பதைவிட, கிளம்புமுன் பேசி முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பெட்ரோல் வண்டிக்கும் மைலேஜைக் கூட்டித்தானே சொல்கிறார்கள் என்று சிலர் வாதிக்கலாம். உண்மை. லிட்டருக்கு இருபது என்று சொன்ன கார் பதினைந்து கொடுத்தால் நாம் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஏனெனில் பத்துக் கிலோ மீட்டருக்கு ஒரு பங்க் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். அங்கே பொய்க்குக் கொடுக்கும் அபராதம் சில நூறு ரூபாய். இங்கே அபராதம் நேரம். சில சமயம் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் இருட்டில் சாலையோரம்.

மின்சாரக் கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெங்களூரின் புகையை மூச்சாக இழுப்பவர்களில் நம்மவர்கள்தான் முன்வரிசையில் இருக்கிறார்கள். சாலையோரக் கடையிலும், ஆட்டோவிலும், நடைபாதையிலும் நாள் முழுதும் நிற்பவர்கள் அவர்கள். புகையில்லா வண்டி பெருகுவது அவர்களுக்கு நன்மை. அரசும் இதை ஊக்குவிக்கப் பணத்தை ஒதுக்கத்தான் செய்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோ மீட்டருக்கு ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டு நெறி வெளியிட்டது. நெறி நல்ல நெறி. ஆனால் நிலையம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. எத்தனை நிலையம் திறந்தோம் என்ற கணக்கோடு, பண்டிகை நாளில் எத்தனை முனைகள் ஓடின என்ற கணக்கையும் அரசு கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.

அதைவிட எளிதாக, செலவே இல்லாமல் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று நட்சத்திரச் சீட்டில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறது. இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு உள்ள அந்தச் சீட்டு, இருபது லட்சம் ரூபாய்க் காருக்கு ஏன் கூடாது? குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அளந்து, இப்போதுள்ள எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட வேண்டும். விளம்பரத்திலும், விற்பனைக் கூடத்திலும், வண்டியின் கண்ணாடியிலும் இரண்டு எண்களும் இருக்கட்டும். நகரத்தில் ஓட்டுபவர் முதல் எண்ணைப் பார்த்துக்கொள்வார்; ஊருக்குப் போகிறவர் இரண்டாவதைப் பார்த்துக்கொள்வார். கம்பெனிகளுக்கும் இதில் நஷ்டமில்லை. நல்ல வடிவமைப்பால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டி எது, வெறும் பெட்டி எது என்பது அப்போதுதான் வெளியே தெரியும்.

உத்தரவு வரும் வரை, காட்சிக் கூடத்துக்குப் போகும் வாசகர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்: ‘நூறில் போனால் யூனிட்டுக்கு எத்தனை கிலோ மீட்டர்?’ விற்பவர் வேறு எண்ணைச் சொல்லிச் சமாளித்தால், சோதனை ஓட்டத்துக்கு வண்டியை நகரத்துக்குள் சுற்றாமல், அத்திப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு ஓடியது என்பதை இந்தக் கார்கள் எல்லாம் முன்பலகையிலேயே காட்டுகின்றன.